ரிட்டர்ன் லைனில் தகராறு: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

டிவி மட்டும் ஓடிய காலத்தில் கேபிள்காரருக்கு ஒரே திசைதான், கண்ட்ரோல் ரூமிலிருந்து வீட்டுக்கு. கடைசி வீட்டில் மீட்டரை மாட்டிப் பார்ப்போம், 65 டிபி இருக்கிறதா, சரி, கிளம்பு. அதே கோஆக்ஸில் (டிவிக்கு வரும் செம்புக் கேபிள்) நெட்டும் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான், வீட்டிலிருந்து திரும்பி வரவும் ஒரு பாதை வேண்டும், அதையும் யாராவது செட் செய்ய வேண்டும் என்பது பலருக்கும் உறைத்தது. அந்தப் பாதைதான் ரிட்டர்ன், 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரை. வீட்டுக்குப் போகும் பாதை ஃபார்வர்ட். திருப்பூரில் நான் பார்க்கும் லைனில் பாதி ஃபைபருக்கு மாறிவிட்டது. மீதிப் பாதி மாறும் வரை கோஆக்ஸோடுதான் மல்லுக்கட்ட வேண்டும், அங்கே வரும் நெட் புகாரில் பெரும்பாலானவை ரிட்டர்ன் புகார்தான்.

முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். கீழே டிபி என்று நான் எழுதும் லெவல் எல்லாம் நம் கை மீட்டரில் வரும் டிபி மைக்ரோவோல்ட். மோடமும், கண்ட்ரோல் ரூமில் எல்லா மோடமோடும் பேசும் பெட்டியான சிஎம்டிஎஸ்ஸும் டிபிஎம்வி என்று காட்டும், அதோடு 60-ஐக் கூட்டினால் நம் கணக்கு வந்துவிடும். மோடம் 45 என்று காட்டினால் 105 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மீட்டரை எடுப்பதற்கு முன்னால் மனதில் இருக்க வேண்டிய ஒரே விஷயம். மோடம் எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்பதை மோடம் முடிவு செய்வதில்லை. சிஎம்டிஎஸ்தான் "கொஞ்சம் ஏத்து, கொஞ்சம் இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், தன் வாசலில் எப்போதும் 60 டிபி வந்து சேரும்படி பார்த்துக்கொள்ளும். அதனால் நடுவில் யாரோ ஒரு ஆம்ப்ளிஃபையரில் 6 டிபி பேடை (லெவலைக் குறைக்கும் சின்னச் செருகி) தப்பாகச் செருகிவிட்டால், சிஎம்டிஎஸ் திரையில் ஒன்றுமே தெரியாது, வரும் லெவல் அதே 60. மோடம்கள் மட்டும் சத்தமில்லாமல் 6 டிபி ஏறிக் கத்திக்கொண்டிருக்கும். தப்பு ஓரிடத்தில், அது தெரிவது வேறிடத்தில். ஆகவே ரிட்டர்னில் முதலில் பார்க்க வேண்டியது மோடத்தின் டிஎக்ஸ் லெவலை, அதாவது மோடம் அனுப்பும் லெவலை, வந்து சேரும் லெவலை அல்ல. டிஎக்ஸ் 98 முதல் 108 வரை இருந்தால் பாதை ஒழுங்காக இருக்கிறது. 112-க்கு மேல் போனால் எங்கோ தடை. 95-க்குக் கீழே இருந்தால் "ஆஹா, நல்லா இருக்கு" என்று சந்தோஷப்படாதீர்கள், அதுவும் ஒரு நோய்தான், பின்னால் வருகிறேன்.

இனி அறிகுறிகள்.

"டவுன் லைட் எரியுதுங்க, அப் லைட் மின்னிக்கிட்டே இருக்கு" (ஒரே வீடு)

பக்கத்து வீட்டு மோடம் நன்றாக ஓடுகிறதா என்று சிஎம்டிஎஸ்ஸில் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். ஓடுகிறது என்றால் கம்பம் ஏற வேண்டியதில்லை, வீட்டுக்குள் போனால் போதும்.

நூற்றுக்குப் பாதி இடத்தில் காரணம் பூஸ்டர். மாடியில் இரண்டாவது டிவிக்காக யாரோ வைத்துக் கொடுத்த சின்ன ஹவுஸ் ஆம்ப்ளிஃபையர் அது. சிக்னலைக் கீழ்ப்பக்கம் நன்றாகத் தூக்கிக் கொடுக்கும், திரும்பி வருவதற்கு அதில் வழியே கிடையாது. மோடம் டவுன்ஸ்ட்ரீமைப் பிடித்துக்கொண்டு, மேலே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கும், 200 மில்லி செகண்டில் பதில் வரவில்லை என்றால் டி3 டைம்அவுட் என்று எழுதிக்கொள்ளும், இப்படி 16 முறை ஆனதும் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். மோடத்தின் 192.168.100.1 பக்கத்தைத் திறந்தால் ஈவென்ட் லாகில் வரிசையாக டி3 நிற்கும், டிஎக்ஸ் உச்சத்தில் இருக்கும். பூஸ்டரை எடுத்துவிட்டு நேராக மாட்டுங்கள். டிவிக்கு லெவல் பற்றவில்லை என்றால் மோடத்துக்கு முதல் ஸ்ப்ளிட்டரிலேயே தனி ஒயர் பிரித்துக் கொடுத்துவிட்டு, பூஸ்டரை டிவி பக்கத்தில் மட்டும் வையுங்கள்.

பூஸ்டர் இல்லையா? ஸ்ப்ளிட்டரை எண்ணுங்கள். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் 4 டிபி தின்னும், நான்கு வழி 7.5 தின்னும். ஒன்றன் பின் ஒன்றாக மூன்று இருந்தால் மோடத்துக்கு மூச்சு முட்டும். ஃபார்வர்டில் தாராளமாக லெவல் இருப்பதால் டிவி நன்றாகத் தெரியும், வீட்டுக்காரர் "படம் பளிச்னு வருதே" என்பார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கப் போகாதீர்கள், மோடத்தைக் கழற்றி டிராப் ஒயரின் (கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயர்) முனையில் நேராக மாட்டி டிஎக்ஸ் எவ்வளவு இறங்குகிறது என்று காட்டிவிடுங்கள்.

நேராக மாட்டியும் இறங்கவில்லை என்றால் டிராப். எஃப் கனெக்டரின் உள்ளே நடுக்கம்பியைப் பாருங்கள், கறுத்திருந்தால் வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.

ஒரு தெரு முழுக்க டிஎக்ஸ் உச்சத்தில்

இங்கே வீட்டுக்குப் போய்ப் பிரயோஜனமில்லை. சிஎம்டிஎஸ்ஸில் அந்த நோடின் (ஃபைபர் முடிந்து கோஆக்ஸ் தொடங்கும் பெட்டி) மோடம்களை எடுத்து, எந்தெந்த வீடு எந்த ஆம்ப்ளிஃபையருக்குக் கீழே வருகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். நல்ல மோடமுக்கும் கெட்ட மோடமுக்கும் நடுவில் எந்த ஆம்ப்ளிஃபையர் நிற்கிறதோ அங்கே ஏணியைச் சாத்துங்கள். பெட்டியைத் திறந்ததும் பார்க்க வேண்டியது, ரிட்டர்ன் மாட்யூல் இருக்கிறதா, அதற்குப் பவர் வருகிறதா, பேட் சாக்கெட்டில் பேட் இருக்கிறதா. சிரிக்க வேண்டாம். பழுதான பெட்டிக்குப் பதில் அவசரத்தில் ராத்திரி மாற்றிய ஒன்வே ஆம்ப்ளிஃபையர் ஆறு மாதம் அப்படியே கிடந்து, அந்தத் தெருவில் நெட் கேட்டவர்களுக்கெல்லாம் "அந்த ஏரியாவுல வராதுங்க" என்று ஆபீசில் பதில் சொல்லிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

எல்லாம் இருந்தும் லெவல் சரியில்லை என்றால் ரிட்டர்ன் அலைன்மென்ட் செய்ய வேண்டியதுதான். ஃபார்வர்ட் பழக்கத்தில் இதைச் செய்தால் தப்பாகும், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஃபார்வர்டில் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட்டையும் ஒரே லெவலுக்குக் கொண்டுவருகிறோம். ரிட்டர்னில் ஒரே லெவலாக இருக்க வேண்டியது இன்புட். அதாவது, எந்த ஆம்ப்ளிஃபையரின் ரிட்டர்ன் இன்புட்டில் 80 டிபி கொடுத்தாலும் கண்ட்ரோல் ரூமில் ஒரே லெவல் தெரிய வேண்டும், நோடுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியானாலும் சரி, கடைசிப் பெட்டியானாலும் சரி. 80 என்பது எங்கள் லைனின் டிசைன் எண், உங்கள் நோடின் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யும் விதம் இது. கையில் ரிட்டர்ன் ஜெனரேட்டர் வேண்டும், 10 மெகாஹெர்ட்ஸிலும் 60 மெகாஹெர்ட்ஸிலும் இரண்டு கேரியர் (சோதனை சிக்னல்) கொடுத்தால் போதும். அந்த இரண்டு இடத்திலும் மோடம் சேனல் ஓடவில்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள், ஓடினால் கேரியரைப் பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். இல்லையென்றால் நீங்களே ஒரு தகராறைக் கிளப்பிவிட்டு அதையே தேடிக்கொண்டிருப்பீர்கள். கண்ட்ரோல் ரூமில் ரிட்டர்ன் ரிசீவருக்குப் பின்னால் ஸ்பெக்ட்ரம் அனலைசர். ஆள் பற்றாக்குறை என்றால் அனலைசர் திரைக்கு முன்னால் ஒரு பழைய செல்போனை நிற்க வைத்து வாட்ஸப் வீடியோ கால் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள், நான் பெரும்பாலும் அப்படித்தான். முதலில் நோடிலேயே 80 டிபியை உள்ளே விட்டு, கண்ட்ரோல் ரூமில் என்ன வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இனி அதுதான் அளவுகோல், வேலை முடியும் வரை அதை மாற்றக் கூடாது.

அப்புறம் நோடுக்கு அடுத்த ஆம்ப்ளிஃபையர். டெஸ்ட் பாயிண்ட்டில் -20 (அந்த வாசலில் 20 டிபி குறையும்) என்று அச்சடித்திருந்தால் ஜெனரேட்டரில் 100 வையுங்கள், உள்ளே 80 போகும். -30 என்றிருந்தால் 110. இதை மறந்து 10 டிபி தள்ளி அலைன் செய்தவர்கள் நிறையப் பேர், நானும் ஒருமுறை. கண்ட்ரோல் ரூமில் 60 மெகாஹெர்ட்ஸ் கேரியர் அளவுகோலுக்கு வரும் வரை ரிட்டர்ன் அவுட்புட் பேடை மாற்றுங்கள். பிறகு 10 மெகாஹெர்ட்ஸைப் பாருங்கள். ஒயரில் தாழ்ந்த ஃப்ரீக்வன்சி குறைவாகத்தான் இழக்கும், அதனால் 10 கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், அதை ஈக்வலைசர் போட்டு இறக்குங்கள். இரண்டும் 1 டிபிக்குள் வந்தால் மூடிவிட்டு அடுத்த பெட்டி. நோடிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் போக வேண்டும், கடைசியிலிருந்து உள்ளே வரக் கூடாது. மூன்றாவது பெட்டி சரியாக வரவில்லை என்று, ஏற்கெனவே செட் செய்த முதல் பெட்டியில் கை வைக்கவும் கூடாது, வைத்தால் அதற்குக் கீழே இருக்கும் எல்லாம் கலையும்.

80 என்ற எண் எங்கிருந்து வந்தது? மோடம் 105-ல் பேசுகிறது, வீட்டு ஒயரும் ஸ்ப்ளிட்டரும் 5 டிபி, டேப் (லைனிலிருந்து வீடுகளுக்கு டிராப் பிரியும் இடம்) 20. மிச்சம் 80. அவ்வளவுதான்.

சேனல் பாண்டிங் போட்ட மறுநாள் மட்டும் புகார்

பாண்டிங் என்றால் ஒரே மோடம் பல சேனலைச் சேர்த்து ஓட்டுவது. லைனில் ஒன்றும் ஆகவில்லை. டாக்சிஸ் 3.0 (கேபிள் நெட்டின் தரம்) மோடம் ஒரே அப்ஸ்ட்ரீம் சேனலில் 64 க்வாமில் (டேட்டாவை சிக்னலில் ஏற்றும் முறை, எண் கூடினால் வேகம் கூடும்) 117 டிபி வரை கத்த முடியும். இரண்டு சேனல் என்றால் ஒவ்வொன்றுக்கும் 114, மூன்றோ நான்கோ என்றால் 111. நேற்று வரை 113-ல் தொற்றிக்கொண்டிருந்த வீடுகள் இன்று விழும். அந்த வீடுகளின் பட்டியல் பாண்டிங் போடுவதற்கு முன்பே உங்களிடம் இருந்திருக்க வேண்டும்.

"காலையிலயும் சாயங்காலமும் மட்டும் நெட் அறுந்து அறுந்து வருது"

ரிட்டர்னில் உண்மையான தலைவலி இதுதான். ஃபார்வர்டில் ஒரு வீட்டின் சத்தம் அந்த வீட்டோடு போகும். ரிட்டர்னில் புனலைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி, எல்லா வீட்டுச் சத்தமும் ஒரே வாயில் வந்து கொட்டும். நான்கு கிளை ஒன்றாகச் சேரும் இடத்தில், ஒவ்வொன்றும் சமமான சத்தத்தோடு வந்தால், மொத்தம் 6 டிபி கூடும். 300 வீடு நன்றாக இருந்து ஒரே ஒரு வீடு ஓட்டையாக இருந்தாலும் போதும், நோடு முழுக்க அழும்.

அனலைசரில் மேக்ஸ் ஹோல்ட் (வந்த உச்சத்தை அப்படியே பிடித்து வைப்பது) போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். வடிவத்தைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும். ஊசி மாதிரிக் கூரான கோடுகள் 6, 7.3, 9.6 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் நின்று, இருட்டியதும் உயர்ந்தால் அது சிற்றலை வானொலி, எங்கோ ஓட்டை வழியாக ஆகாயத்திலிருந்து உள்ளே வருகிறது. 27-ல் ஒரு கோடு வந்து வந்து போனால் யாரோ சிட்டிசன் பேண்ட் செட்டில் பேசுகிறார். 5 முதல் 15, 18 வரை தரையே (திரையில் அடியில் ஓடும் சத்தத்தின் கோடு) மொத்தமாக மேலே எழும்பிக் குதித்தால் மோட்டார், மிக்சி, டிரில்லிங் மெஷின் வகை. எழும்பி அப்படியே மணிக்கணக்காக நின்றால் எல்இடி டிரைவர், அடாப்டர், சர்வோ மோட்டார் மாதிரியான ஸ்விட்சிங் சப்ளை.

தேடுவது பாதி பாதியாக. நோடில் நான்கு போர்ட் இருக்கும், ஒவ்வொரு போர்ட்டிலும் ரிட்டர்ன் பேடை 6 டிபி கூட்டிப் பாருங்கள், எந்தப் போர்ட்டில் கூட்டும்போது கண்ட்ரோல் ரூமில் சத்தம் இறங்குகிறதோ அந்தக் கிளை. பேடைப் பிடுங்கியே பார்த்துவிடலாம் என்று தோன்றும், பிடுங்கினால் சில நொடியில் திரும்பச் செருகுங்கள், நேரமானால் அந்தக் கிளையின் மோடம்கள் எல்லாம் விழுந்து, ஆபீஸ் போன் அடிக்க ஆரம்பிக்கும். கிளை தெரிந்ததும் ஆம்ப்ளிஃபையர் ஆம்ப்ளிஃபையராக, அப்புறம் டேப் டேப்பாக.

எந்த டேப்பில் தொடங்குவது? என்னைக் கேட்டால் கடைசி டேப்பில். காரணம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரை ஒட்டி 26 டிபி டேப், 90 மீட்டர் ஆர்ஜி-11 தள்ளிக் கடைசியில் 8 டிபி டேப் என்று வைத்துக்கொள்ளுங்கள். 860 மெகாஹெர்ட்ஸில் அந்த ஒயர் 12 டிபி தின்னும், நடுவில் இருக்கும் டேப்களைத் தாண்டிப் போகும் இழப்பு (த்ரூ லாஸ்) ஒரு 6, ஆக 8, 6, 12 சேர்ந்து 26. முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் ஒரே லெவல், டிசைன் செய்தவர் கெட்டிக்காரர். ஆனால் 50 மெகாஹெர்ட்ஸில் அதே ஒயர் 3 டிபிதான் தின்னும். ரிட்டர்னில் முதல் வீட்டின் சத்தம் 26 டிபி இழந்து வருகிறது, கடைசி வீட்டின் சத்தம் 17 மட்டுமே. 9 டிபி வித்தியாசம், எட்டு மடங்கு சக்தி. ஒரே மாதிரி லூஸான கனெக்டர் இரண்டு வீட்டில் இருந்தாலும் கடைசி டேப் வீடுதான் நோடைக் கெடுக்கும். மேலே 95-க்குக் கீழே டிஎக்ஸ் இருப்பதும் நோய் என்றேனே, அது இதுதான். டிஎக்ஸ் குறைவாக இருக்கும் வீடு என்றால் அந்த வீட்டிலிருந்து கண்ட்ரோல் ரூமுக்குப் பாதை அகலமாகத் திறந்திருக்கிறது என்று அர்த்தம், மோடத்துக்கு மட்டுமல்ல, குப்பைக்கும். அந்த வீடுகளின் டிராப்பில் ஒரு ரிட்டர்ன் அட்டென்யூவேட்டர் போட்டால் ஃபார்வர்ட் அப்படியே இருக்கும், மோடம் 8, 10 டிபி ஏறிப் பேசும், குப்பை அதே அளவு இறங்கும். டிவி மட்டும் இருக்கும் வீடு என்றால் ஹைபாஸ் ஃபில்டர், 5 முதல் 65 வரை மொத்தமாக அடைத்துவிடலாம்.

ஒரு தெருவைச் சொல்கிறேன். காலை எட்டரைக்கு நெட் கெட ஆரம்பிக்கும், ராத்திரி எட்டு வரை அப்படியே. எஸ்என்ஆர் (சத்தத்தைவிட சிக்னல் எத்தனை டிபி மேலே) 31-லிருந்து 19-க்கு விழும். 64 க்வாமுக்கு 27-க்கு மேல் இருந்தால் நிம்மதி, 25-க்குக் கீழே போனாலே தகராறு, 19 எல்லாம் பேச்சுக்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுத்தமாக ஓடும். மூன்று நாள் டேப், கனெக்டர் என்று மாற்றிக்கொண்டே இருந்தோம். நான்காம் நாள் அனலைசருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது சரியாகப் பதினொரு மணிக்குத் தரை சடாரென்று இறங்கியது. பதினொன்றே கால், திரும்பவும் ஏறியது. திருப்பூர்க்காரனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை, அது டீ டைம். காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டு வரை என்றால் ஒன்றரை ஷிப்ட்.

அந்தத் தெருவில் ஒரு வீட்டு மாடியில் பனியன் தைக்கும் யூனிட், பன்னிரண்டு மெஷின், எல்லாம் சர்வோ மோட்டார். என்னோடு வந்த பையன் நேராக மேலே போய் மெஷினை மாற்றச் சொல்லிவிட்டான். யூனிட்காரர் கோபப்படவில்லை, "தம்பி, எங்க மெஷினுக்கும் உங்க ஒயருக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார். நியாயமான கேள்வி. ஒழுங்கான ஒயரில் அந்தச் சத்தம் நுழையவே கூடாது. கம்பத்தில் ஏறி டேப்பில் ஒவ்வொரு டிராப்பாகக் கழற்றினேன், நான்காவதைக் கழற்றியதும் செல்போன் திரையில் தரை படுத்தது. யூனிட் வீடு அல்ல, அதற்குப் பின்வீடு. டிராப் ஒயர் யூனிட்டின் தகரக் கூரை மேல், மெஷின்களுக்குப் போகும் கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டப்பட்டு வந்தது. வீட்டுக்குள் ஒரு வயதான அம்மா மட்டும், ஒரு டிவி, நெட் கிடையாது. சுவரில் இருவழி ஸ்ப்ளிட்டர், ஒரு கால் டிவிக்கு, இன்னொரு காலிலிருந்து ஒயர் கதவைத் தாண்டி அடுத்த அறைக்குப் போய்க் கட்டிலுக்குப் பின்னால் வெட்டிய முனையோடு தொங்கியது, மூன்று மீட்டர் ஏரியல் மாதிரி. "அந்த ரூம்ல மகன் டிவி வெச்சிருந்தானுங்க, தனியாப் போறப்ப எடுத்துட்டுப் போய்ட்டான்" என்றார் அந்த அம்மா. ஸ்ப்ளிட்டரை எடுத்துவிட்டு, ஒயரை நேராக்கி, இரண்டு கனெக்டரையும் கம்ப்ரஷன் டைப்பில் மாற்றி, டேப்பில் ஒரு ஹைபாஸ் ஃபில்டரும் போட்டோம். மெஷின் இன்றைக்கும் அதே மெஷின்தான் ஓடுகிறது.

ஓட்டை கிடைக்கும் வரை சிஎம்டிஎஸ்ஸில் கொஞ்சம் சமாளிக்கலாம். சேனலை 20-க்குக் கீழே வைக்காமல் 30-க்கு மேலே தள்ளுவது, 64 க்வாமை 16-க்கு இறக்குவது. அகலத்தை 6.4-லிருந்து 3.2 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தாலும், மோடம் அதே பலத்தைப் பாதி இடத்தில் கொட்டுவதால், 3 டிபி கிடைக்கும். வேகம் போகும், ஆனால் அறுந்து அறுந்து வருவதற்கு மெதுவாக வருவது மேல். சமாளித்துவிட்டு ஓட்டையை மறந்துவிடுவதுதான் நம் பழக்கம், அதை மட்டும் செய்யாதீர்கள்.

மழை பெய்தால் கெடுகிறது, கம்பத்தில் கை வைத்தால் சரியாகிவிடுகிறது

இதில் நிறையப் பேர் ஏமாறுவார்கள். ஏறினோம், பெட்டியைத் திறந்தோம், ஒன்றும் செய்யவில்லை, சரியாகிவிட்டது, இறங்கினோம், இரண்டு நாளில் திரும்பப் புகார். நடுக்கம்பியும் அதை இறுக்கும் ஸ்க்ரூவும் சேரும் இடத்தில் ஈரம் பட்டுப் பாசி பிடித்த மாதிரி ஒரு ஆக்சைடு படலம் வந்துவிடும். அது டயோடு மாதிரி வேலை செய்யும். ஃபார்வர்டில் போகும் கேரியர்கள் அந்த இடத்தில் ஒன்றோடொன்று கலந்து, அவற்றின் வித்தியாசம் ரிட்டர்ன் பேண்டில் வந்து விழும். அனலாக் காலத்தில் இது 7, 8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் பீட் பீட்டாகத் தெரியும், பார்த்ததும் கண்டுபிடிக்கலாம். இப்போது எல்லாம் டிஜிட்டல் கேரியர் என்பதால் வெறுமனே தரை உயர்ந்த மாதிரித் தெரிகிறது, வெளிச்சத்தம் என்று நினைத்து வீடு வீடாக அலைய வைக்கும்.

பிரிப்பதற்குச் சுலபமான வழி, சந்தேகப்படும் ஆம்ப்ளிஃபையரில் ஃபார்வர்ட் பேடை ஒரு நொடி பிடுங்குங்கள். ரிட்டர்ன் சத்தம் அந்த நொடியே மறைந்தால் இந்தக் கலப்புதான், அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது. மறையவில்லை என்றால் வெளியிலிருந்து நுழைவது, மேலே சொன்ன வேலைக்குப் போங்கள். டிவி ஒரு நொடி உறையும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், மேட்ச் ஓடும்போது மட்டும் செய்யாதீர்கள்.

முக்கியமானது, இடம் தெரியும் வரை எதையும் தட்டாதீர்கள், ஆட்டாதீர்கள், இறுக்காதீர்கள். தட்டினால் படலம் உடைந்து சத்தம் போய்விடும், உங்களுக்கு இடமும் போய்விடும். கண்டுபிடித்த பிறகு ஸ்க்ரூவை இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் போதாது. கனெக்டரையே வெட்டி எறிந்து புதிது போட்டு, வெளியே ரப்பர் பூட்டோ ஹீட் ஷ்ரிங்க்கோ போடுங்கள். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டு வருவது ஐப்பசி மழைக்குத் தாங்காது.

பக்கத்திலேயே இன்னொன்று. காலைக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவில் ஒரு தெருவின் டிஎக்ஸ் 3, 4 டிபி ஆடினால் ஒயரைக் குறை சொல்லாதீர்கள், 20 டிகிரி சூட்டுக்கு ஒயரின் இழப்பு நூற்றுக்கு நான்கு பங்குதான் மாறும், ரிட்டர்னில் அது ஒன்றுமே இல்லை. சூட்டில் விரிந்து விலகும் ஏதோ ஒரு ஜாயிண்ட்.

டிஎக்ஸ் எல்லாம் நன்றாக இருக்கிறது, நோடு முழுக்க எஸ்என்ஆர் கேவலம்

ஃபைபர் பக்கம் போங்கள். கண்ட்ரோல் ரூமில் ரிட்டர்ன் ரிசீவருக்கு வரும் லைட்டை பவர் மீட்டரில் பார்த்து, நோடு போட்ட அன்று எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். எழுதி வைக்கவில்லையா, இன்றைக்காவது பெட்டிக்குள் மார்க்கரில் எழுதுங்கள். லைட்டில் 1 டிபி குறைந்தால் ஆர்எஃப்பில் 2 டிபி குறையும். பச்சைக் கனெக்டரை (முனை சாய்வாக இருக்கும் ஃபைபர் கனெக்டர், நீலம் நேர் முனை) துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பச்சையை நீலத்தில் மாட்டி வைத்திருப்பதும் உண்டு.

லைட் சரியாக இருந்தால் லேசர் கிளிப்பிங்கா என்று பாருங்கள். ரிட்டர்ன் பேண்ட் 65-ல் முடிகிறது, அதற்கு மேலே ரிசீவர் அவுட்புட் அமைதியாக இருக்க வேண்டும். 65-க்கு மேலே 80, 100 வரை தரை மேடாக இருந்தால் லேசர் தாங்க முடியாமல் வெட்டுகிறது. லேசருக்கு முன்னால் 6 டிபி பேட் வையுங்கள், அந்த மேடு 6-க்கும் அதிகமாக இறங்கினால் உறுதி. அப்படியே பேடோடு விட்டுவிட ஆசையாக இருக்கும். விடாதீர்கள், மோடம்களின் சிக்னல் மட்டும் லேசரைத் திணறடிக்காது, பெரும்பாலும் கூடவே ஒரு பெரிய குப்பை நுழைந்திருக்கும், லேசருக்கு மொத்த சக்திதான் கணக்கு. குப்பையை எடுத்துவிட்டுப் பேடையும் எடுங்கள்.

ஒரு அப்ஸ்ட்ரீம் சேனல் அருமை, இன்னொன்று மட்டும் பிழை

கெட்ட சேனல் 60-க்கு மேலே இருந்தால், அந்த விளிம்பில் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரின் டிப்ளெக்ஸ் ஃபில்டரும் (ஃபார்வர்டையும் ரிட்டர்னையும் பிரிப்பது) கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கலைக்கும், ஐந்து பெட்டி வரிசையாக இருந்தால் கூடிப்போகும். லெவல் சரி, எஸ்என்ஆர்கூடச் சுமார், ஆனால் எஃப்இசி (பிழை திருத்தும் கணக்கு) பிழை குவியும். சேனலைக் கீழே இறக்குங்கள், வேறு வைத்தியம் இல்லை.

நடுவில் இருந்தால், ஸ்வீப் (பேண்ட் முழுக்க லெவலை அளக்கும் கோடு) எடுத்துப் பாருங்கள். கோடு நேராக இல்லாமல் அலை அலையாக வந்தால் எங்கோ எதிரொலி. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று பார்த்து, 127-ஐ அதால் வகுங்கள், எதிரொலிக்கும் இரண்டு இடத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் மீட்டரில் வரும். 4 மெகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 32 மீட்டர். லைன் மேப்பில் 32 மீட்டர் இடைவெளியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் டெர்மினேட்டர் (எதிரொலி வராமல் முனையை மூடும் மூடி) போடாத கடைசி முனை, இல்லையென்றால் தண்ணீர் ஏறிய ஒயர். டெர்மினேட்டரை மாட்டும் வரை, டாக்சிஸ் 2.0-க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்குமான மோடம்களுக்கு ப்ரீ ஈக்வலைசேஷனை ஆன் செய்து வையுங்கள், எதிரொலியில் பெரும்பங்கை மோடமே சரிக்கட்டிவிடும்.

எந்த வேலையாக இருந்தாலும் முடிந்ததும் சிஎம்டிஎஸ்ஸில் ஃப்ளாப் லிஸ்ட்டை (விழுந்து எழும் மோடம்களின் பட்டியல்) அழித்துவிட்டு இறங்குங்கள், பழைய கணக்கும் புதுக் கணக்கும் கலக்காமல் இருக்கும். பிறகு வாரநாளில் காலை எட்டரை மணிக்கு, மிக்சியும் மெஷினும் ஒன்றாக ஓடும் நேரத்தில், திறந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டுப் புகாரை மூடினால் திங்கட்கிழமை பத்து மணிக்குள் போன் வரும்.